வாட்ச் மொட்டைமாடியில் இருக்கிறது

என்னங்க,

நான் இன்னும் உங்களோடு பேசவில்லை. இது எழுத்து, பேச்சில் சேராது.

மைத்ரேயி டீச்சர் மகள் வளைகாப்புக்கு மேலூர் போகிறேன். இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. கேஸ்காரர் வந்தால் புத்தகம் டிவி மேல்.

வாட்ச்சைத் தேட வேண்டாம். நீங்கள் தூங்கும்போது கையிலிருந்து கழற்றி மாடியில் வைத்துவிட்டேன். உங்கள் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்ததிலிருந்து இந்த எட்டு வருஷமும் அதுதான் எனக்கு மாமியார். உயரம் காட்டுகிற வாட்ச்சாம்; போன வாரம் நம் வீடு கடல்மட்டத்துக்கு மேலே நூற்றுப் பதினெட்டு மீட்டராம், நேற்று நூற்று முப்பதாம். வீடு என்ன வளருதா? காற்றழுத்தம் இறங்கினால் கத்தவும் கத்துமாம். நேற்று அது கீச்சென்று கத்தியதும், "புயல் வருது, புயல் வருது"ன்னு ஓடி என் கூழ் வத்தலைப் பாதி ஈரத்தில் சுருட்டிக்கொண்டு வந்தீர்கள். ஒரு சொட்டு விழவில்லை. அம்புட்டு வத்தலும் ஒரே உருண்டை.

இன்று மறுபடி பிழிந்து காயவைத்திருக்கிறேன். பக்கத்தில் வாட்ச். விடிந்ததிலிருந்து கத்திக்கொண்டே இருக்கிறது, ஒரு காக்கா கிட்டே வரவில்லை. அது பார்த்த முதல் உருப்படியான வேலை இதுதான்.

பத்மா

பி.கு.: ஆட்டோ வந்துவிட்டது. காளவாசல் பக்கம் வானம் கறுத்திருக்கிறது. குடை எடுத்துக்கொண்டேன், வாட்ச் சொன்னதற்காக இல்லை.

தூறினால் முதலில் வத்தலை எடுங்கள். வாட்ச் கிடக்கட்டும். நூறு மீட்டர் தண்ணிக்குள்ளயும் தாங்கும்னு நீங்கதானே சொன்னீங்க?