சுவிஸ் பக்கம் பேசியவருக்கு

இன்று காலை பட்டறையில் டியூப் லைட் மாற்றினார்கள். பழக்கதோஷம் விடுமா? புது வெளிச்சத்துக்குக் கீழே போய் நின்று மணிக்கட்டைத் திருப்பி, வாட்சின் பக்கவாட்டைப் பார்த்தேன். லைட்டின் பிம்பம் அந்த எஃகில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நெளியாமல் நேராக ஓடியது. பக்கத்தில் நின்று நீங்கள் ஏதாவது நக்கலாகச் சொல்வீர்கள் என்று கழுத்துகூடத் திரும்பிவிட்டது. மெஷின் சத்தம்தான் கேட்டது.

இதை முதன்முதலில் உங்களுக்குக் காட்டியது பீளமேட்டுப் பேக்கரியில். பிளாஸ்டிக் சாமான் வார்க்கிற இரும்பு மோல்டுகளுக்குப் பாலிஷ் போட்டுப் பிழைக்கிறவன் நான். இரும்பைப் பளபளக்க வைப்பது பெரிய வித்தை இல்லை, பளபளப்பு ஏற ஏற விளிம்பு மழுங்கிவிடாமல் காப்பதுதான் கஷ்டம். அதை ஒரு ஜப்பான்காரன் கைக்கடிகாரத்தில் செய்து வைத்திருக்கிறான் என்று, டீ ஆறுவதுகூடத் தெரியாமல் உங்களுக்கு விளக்கினேன். நீங்கள் பப்ஸைக் கடித்தபடி முழுவதையும் கேட்டுவிட்டு, "ஏனுங்க, இது மணி பாக்கறதுங்களா, மொகம் பாக்கறதுங்களா?" என்றீர்கள்.

அன்று ஆரம்பித்த சண்டை. உங்கள் கம்பெனியில் செய்த பம்புகள் கடல் தாண்டிப் போக ஆரம்பித்த சமயம், அந்தச் சந்தோஷத்துக்கு ஒரு சுவிஸ் வாட்ச் வாங்கியிருந்தீர்கள். நீல முகம், நல்ல கனம். அதைக் கட்டிய நாளிலிருந்து சட்டைக் கையை ஒரு மடிப்பு அதிகமாக மடித்தீர்கள், நான் கவனிக்காமல் இல்லை. "ஜப்பான்காரன் நல்லாத்தானுங்க செய்யறான். ஆனா கல்யாண ஊட்ல யாராச்சும் கேட்டா நீங்க பத்து நிமிஷம் வெளக்கோணும். நான் கையை நீட்டுனாப் போதும்" என்பீர்கள். நான் மட்டும் சும்மா இருப்பேனா? "கையை நீட்டறதுக்கு மோதிரம் போதுமுங்க, வாட்ச் எதுக்கு?" என்பேன். நம் ஊரில் சண்டைக்கும் 'ங்க' உண்டு. பேக்கரிக்காரர் நம்மை ஏதோ சம்பந்தம் பேசுகிறவர்கள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்.

நொடிமுள்ளுக்காக ஒரு மழைக்காலம் முழுக்க வாதாடினோம். ஸ்பிரிங்கில் ஓடுகிற வாட்ச்தான் என்னுடையதும். ஆனால் அதன் நொடிமுள் துடிக்காது, எண்ணெயில் விட்ட மாதிரி வழுக்கிப் போகும். வெள்ளை முகத்தில் மெல்லிய மேடுபள்ளம் வேறு. பனி விழுந்த நிலத்தைப் பார்த்துச் செய்ததாம். பனியை நான் எங்கே கண்டேன், எனக்கு அது உதறிப் போட்ட பஞ்சு மாதிரிதான் தெரியும். நீங்கள் அதை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "அழகுதானுங்க. ஆனா துடிப்பு இல்லாமப் போறது என்னமோ மாதிரி இருக்குது" என்று திருப்பிக் கொடுத்தீர்கள்.

பெயருக்காகத்தான் நீங்கள் சுவிஸ் பக்கம் நின்றீர்கள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அது பாதிதான். கோபிசெட்டிபாளையத்து விவசாயி ஒருவர் உங்கள் பழைய பம்பைத் தூக்கிக்கொண்டு வந்தபோது நானும் உங்கள் கம்பெனியில் இருந்தேன். அந்த மாடலை நிறுத்தி எத்தனையோ காலம் ஆகியும், நீங்களே உள்ளே போய் அதற்கான சாமானைத் தேடி எடுத்து வந்தீர்கள். அவர் போனதும் உங்கள் கை வாட்சைத் தட்டிக் காட்டிச் சொன்னீர்கள்: "இதைச் செஞ்சவனும் இப்படித்தானுங்க. அம்பது வருஷம் கழிச்சுத் தொறந்தாலும் சரிபண்ண ஒருத்தனைப் பழக்கி வெச்சிருப்பான். வித்ததோட விட்டுப்போட்டா அது என்னங்க வேவாரம்?"

உங்களை நினைத்தால் இன்னும் முதலில் கோபம்தான் வருகிறது. பேச்சுக்கு நடுவில் எழுந்து போன மாதிரி போய்விட்டீர்கள். துக்கம் அதற்குப் பிறகுதான் வருகிறது, வந்தால் சீக்கிரம் போவதில்லை.

எழுத வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகள் நித்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. போன வாரம் எனக்குப் போன் செய்தாள். "மாமா, மாப்பிள்ளைக்கு வாட்ச் எடுக்கோணும். நீங்க வரணுங்க." குரலில் கல்யாணக் களையே இல்லை. விசாரித்தால், மருமகனுக்கு உங்களுடையது போல ஒரு சுவிஸ் வாட்ச்தான் போட வேண்டும் என்று நீங்கள் வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தீர்களாம். உங்கள் வீட்டம்மா அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். நித்யாவுக்கு மனசு ஒரு ஜப்பான் வாட்சின் மேல். அப்பா சொல்லை மீறவும் முடியவில்லை, பிடிக்காததை எடுக்கவும் முடியவில்லை. "தூக்கமே வரலீங்க மாமா" என்றாள்.

கடைக்குப் போகும் வழியெல்லாம், ஜப்பானையே எடு கண்ணு என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். நல்ல வாட்ச் எதுவோ அதைச் சொல்ல வேண்டியதுதானே? ஆனாலும் ஆள் இல்லாத களத்தில் ஜெயித்துவிட்டு வருவது போல ஒரு கூச்சம் இருந்தது.

மாப்பிள்ளை தங்கமான பையன். "மணி காட்டுனாப் போதுமுங்க" என்று சொல்லிவிட்டு, கடைக்காரர் கொடுத்த காபியோடு ஓரமாக உட்கார்ந்துகொண்டார். தட்டில் இரண்டு வாட்சுகளை வைத்தார்கள். நித்யா ஜப்பான் வாட்சை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்து, விளிம்பைப் பாருங்க, முள்ளைப் பாருங்க என்று என்னுடைய வசனங்களையே எனக்குச் சொன்னாள். நான் வாயைத் திறந்தேன். உங்கள் பேச்சு வந்தது.

"அதெல்லாம் செரி கண்ணு. அம்பது வருஷம் கழிச்சு இதைத் தொறக்கறதுக்கு ஆள் வேண்டாமா?" என்றேன். அவள் ஆள் இருப்பார்கள் என்றாள். துடிப்பு இல்லையே என்றேன். அமைதியாகப் போவதுதான் அழகு என்றாள். பெயர் என்பது ஒரு நாளில் வருவதா என்று கேட்டேன். "அவங்களும் தலைமுறை தலைமுறையாத்தான் செய்யறாங்க மாமா, நாமதான் லேட்டாப் பாத்தோம்" என்றாள். நான் விடவில்லை, அவளும் விடவில்லை. கடைக்காரர் எந்த வாட்சைத் துடைப்பது என்று தெரியாமல் நின்றார். மாப்பிள்ளை இரண்டாவது காபி வாங்கிக்கொண்டார்.

நடுவில் நித்யா சட்டென்று நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். நான் பயந்துவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு மொதல்லயே இதுதான்னு தெரியுமுங்க மாமா. அப்பா இல்லாதப்ப எடுத்தா, அவரை ஏமாத்தி எடுத்த மாதிரி இருந்துச்சு. அவருகூட ஒரு சண்டை போட்டுட்டுத்தான் எடுக்கோணும்னு இருந்தேன். இப்பப் போட்டாச்சுங்க."

ஜப்பான் வாட்சுக்குப் பில் போடச் சொன்னாள். வீட்டில் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னோம். உங்கள் வீட்டம்மா வாட்சைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "அவரு இருந்திருந்தாலும் மககிட்டத் தோத்துத்தான் போயிருப்பாரு" என்று சொல்லிவிட்டுச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்.

இத்தனை காலமும் உங்களை மறுத்துப் பேசத்தான் உங்கள் பேச்சைக் கேட்டேன் என்று நினைத்திருந்தேன். ஒரு சொல் சிந்தாமல் அத்தனையும் எனக்குள் இருக்கிறது என்று அந்தக் கடையில்தான் தெரிந்தது. ஜப்பான் பக்கத்துக்கு இனி நித்யா இருக்கிறாள். உங்கள் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேனுங்க.