இரண்டாவது பெட்டி

புதன்கிழமை, இரவு.

தேனீ வளர்க்க ஒரு பெட்டி போதும் என்றுதான் காலையில் காத்தான்குடிக்குப் போனேன். தனி ஆளுக்கு ஒன்று காணும். பெட்டி செய்கிற றஹீம் விடவில்லை.

"ஒண்டோட தொடங்காதீங்க ஐயா. ராணி மவுத்தாப் போனா கூட்டமே அழிஞ்சிரும். பக்கத்துல இன்னொண்டு இருந்தா அதுல இருந்து முட்டையுள்ள தேனடை ஒண்டு எடுத்து வைக்கலாம். புது ராணிய அதுகளே வளத்துரும்."

"எனக்கு வருத்தம் வந்து பாயில படுத்தா ரெண்டையும் ஆரு பார்க்கிற?"

"நீங்கதான் ஒத்தையா இருக்கீங்க. தேனீயாச்சும் சோடியா இருக்கட்டுமே!"

நானும் சிரித்து, இரண்டையும் வாங்கினேன். பஸ்ஸில் பழுகாமம் வரும்வரை அந்தப் பேச்சு குத்திக்கொண்டே இருந்தது.

பின்னேரம், தோணிக்குப் பெயர் எழுதுவதுபோல, பெயின்றால் ஒரு பெட்டியில் என் பெயரை எழுதினேன். கோணல்தான், ஆனால் வாசிக்கலாம்! மற்றதில் செத்துப்போன என் மனிசி பொன்னம்மாவின் பெயர். அவள் இருந்த காலத்தில் எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது; எழுதப் படித்ததே அவள் போன பிறகுதான். எழுதி முடித்துப் பார்த்தால் 'பொன்னமா' என்று இருந்தது. விடுபட்ட 'ம்'மை இடையில் நெருக்கிச் சேர்த்தேன். கண்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

நாளைக்கு இரண்டையும் முருங்கைக்குக் கீழே வைக்க வேண்டும். இடையில் எவ்வளவு தூரம் விடுவது என்று றஹீமிடம் கேட்க மறந்துவிட்டேன்.

கிட்டவே வைக்கப்போகிறேன்.