வாசலில் கிடந்த சப்பாத்துகள்

நவம்பர் 9, ஞாயிறு

இண்டைக்குப் பிக்கரிங்கிலை மாமி வீட்டை போய், நானும் மனிசியும் ஜப்பானிலை எடுத்த படங்களைக் காட்டினன். கோட்டோ தீவிலை, கடலைப் பாத்தபடி ஒரு சின்ன மாதா கோயில். வாசலிலை சப்பாத்துகள் வரிசையாக் கிடந்தது.

"அங்கையும் எங்கடை மன்னார் மாதிரிக் கழட்டிப்போட்டுத்தான் உள்ளுக்குப் போறவை, என்ன?" மாமிக்குச் சரியான சந்தோசம்.

"ஓம் மாமி" எண்டன்.

நான் கழட்டேல்லை. ரொறன்ரோவிலை சப்பாத்தோடையே மாதா கோயிலுக்குப் போற பழக்கத்திலை, மழைச் சேத்தோடை பீடம்வரை நடந்தன். அங்கை நிண்ட பொம்பிளை எனக்குப் பின்னாலை முழங்காலிலை வந்து அந்தச் சேத்தைத் துடைச்சா.

மனிசி அதைக் கண்டவள். மாமிக்கு முன்னாலை என்னைக் காட்டிக்குடுக்கேல்லை.

இப்ப வீட்டை வந்து அந்தப் படத்தைப் பெரிசாக்கிப் பாத்தன். மனிசியின்ரை சிவப்புச் சப்பாத்தும் அதிலை கிடக்கு. படத்தை எடுத்துப்போட்டு, அதைத் தாண்டித்தான் நான் உள்ளுக்குப் போயிருக்கிறன்.