ஒரு விரல் கிளட்ச்

மார்ச் 7

ஷெட் வாசலில் தம்பியின் வண்டி நிற்கிறது. ஆளைக் காணோம். நான் கடைக்குப் போன நேரம் பார்த்துக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு நழுவியிருக்கிறான். போனில் ஒரு வரி: "இன்ஜின் ஜாம் ஆயிடுச்சு அக்கா."

போன வருஷம் வரை இந்த வண்டியை என்னைத் தவிர வேறு யாரும் பிரித்ததில்லை. திடீரென்று ஒருநாள், கண்ணாடிக் கதவு போட்ட அந்தப் பட்டறைக்குக் கொண்டுபோனான். ஏன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான் கேட்பேனா? இப்போது கெட்டுப்போனதும் அக்கா நினைப்பு வந்துவிட்டது.

தொட மாட்டேன். துருப்பிடிக்கட்டும்.

மார்ச் 8

மழை வரும்போல் இருந்தது. உள்ளே தள்ளி வைத்தேன். அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை.

மார்ச் 10

பிரித்துவிட்டேன்.

பிஸ்டனைச் சுற்றி நாலு இடத்தில் நெடுகக் கீறல். சூடு தாங்காமல் வீங்கிப்போய் சிலிண்டரைக் கவ்விக்கொண்டிருக்கிறது. ஆயில் குறைவு இல்லை. கீழே பேரிங் எண்ணெயில் மினுமினுக்கிறது.

கண்ணாடிக் கதவுக்காரன் தப்பாகத்தான் இருக்கும் என்று ஆசை ஆசையாகத் தேடினேன். ஒவ்வொரு போல்ட்டும் சரியான இறுக்கத்தில் இருக்கிறது. கேஸ்கட் துளி ஒழுகவில்லை. நல்ல வேலை. இதை எழுதுவதற்குள் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

மார்ச் 11

ரேடியேட்டரில் அடைப்பு இல்லை. ஃபேன் சுற்றுகிறது. தண்ணீர் பம்ப் சரி. கார்புரேட்டரைக் கழற்றி ஊதிப் பார்த்தேன், சுத்தம். பிளக் நல்ல பழுப்பு நிறம்.

எல்லாம் சரியாக இருந்தால் எப்படி அவ்வளவு சூடாகும்? எனக்கு இதுவரை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பிரித்துப் பிரித்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். இன்ஜின் என்னிடம் பொய் சொன்னதில்லை. இப்போதுதான் முதல் தடவையாக வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது.

மார்ச் 13

தம்பி மனைவி வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கழற்றிப் போட்ட இன்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இத சரி பண்ணாதீங்க."

என் ஷெட்டுக்குள் நின்றுகொண்டு என்னிடமே சொல்கிறாள். வந்த கோபத்துக்கு ஸ்பேனரைத் தூக்கி எறிந்திருப்பேன். காரணம் கேட்டேன். உங்க தம்பியையே கேளுங்க என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போதுதான் அவள் கண்ணைப் பார்த்தேன். கோபம் போன இடம் தெரியவில்லை.

அப்படி என்ன நடக்கிறது அந்த வீட்டில்?

மார்ச் 14

கடைசியாக கிளட்ச்சைத் திறந்தேன். வடித்த ஆயிலில் கருகல் நாற்றம். பிளேட்டுகள் நீலம் பூத்துப்போயிருக்கின்றன.

தம்பி கிளட்ச்சை எரிக்கிறவன் இல்லை. இந்த வண்டிக்கு சீட்டே கிடையாது. நின்றபடி, காலைத் தரையில் ஊன்றாமல், பாறைமேல் ஊர்ந்து ஏற வேண்டும். ஐம்பது தாண்டியும் இந்தப் பைத்தியம் அவனை விடவில்லை. அந்த விளையாட்டு முழுக்க இடது கை ஆள்காட்டி விரலில்தான் இருக்கிறது. அந்த ஒரு விரலால் கிளட்ச்சைப் பூப்போலப் பிடித்து விடுவான். அதைப் பார்க்கவே நான் போட்டிக்குப் போவேன். அவனிடம் சொன்னதில்லை.

பிறகு ஏன் இப்படிப் பாதிப் பிடியிலேயே வைத்து, முறுக்கி முறுக்கி, இன்ஜினை வேகவைத்திருக்கிறான்?

கிளட்ச் லீவரைத் துடைத்துப் பார்த்தேன். முன்பெல்லாம் நுனியில் ஒரு விரல் படும் இடம் மட்டும்தான் கறுப்புப் பூச்சு தேய்ந்து பளபளக்கும். இப்போது பாதி லீவர் வெளுத்திருக்கிறது. மூன்று விரல்.

என் மூன்று விரலை அதன்மேல் வைத்து அளந்து பார்த்தேன்.

மார்ச் 19

புது பிஸ்டனும் கிளட்ச் பிளேட்டுகளும் வந்தன. உள்ளே ஒட்டியிருந்த அலுமினியத்தைக் கரைத்து எடுத்ததும் சிலிண்டர் பிழைத்துக்கொண்டது. தம்பியை வரச் சொன்னேன். இந்த ஒரு வேலையை நாங்கள் எப்போதும் இரண்டு பேராகத்தான் செய்வோம் — நான் மேலிருந்து சிலிண்டரை இறக்குவேன். அவன் பிஸ்டன் ரிங்கை இரண்டு கையாலும் சுற்றி அமுக்கிப் பிடிப்பான். பிடி தளர்ந்தால் ரிங் துள்ளிவிடும்.

டீ-ஷர்ட்டில் வந்தான். "என்ன இன்ஸ்பெக்டர், கோபம் ஆறிடுச்சா?" என்றான். ஆறவில்லை என்றேன்.

இறக்கினேன். ரிங் துள்ளியது, இடது கைப் பக்கம். திரும்ப இறக்கினேன். திரும்பவும் துள்ளியது. மூன்றாம் தடவை அவன் விரல்கள் வெளிறிப்போய் நடுங்கின. சிலிண்டரை மேசையில் வைத்துவிட்டேன்.

எத்தனை நாளாக என்று கேட்டேன். போன மழைக்கு முன்னாலிருந்து என்றான். முதலில் மரத்துப்போனதாம். பிறகு பிடி போய்விட்டதாம். சட்டைப் பொத்தானை அவள்தான் போட்டுவிடுகிறாளாம்.

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா வண்டியப் புடுங்கி வெச்சுக்குவ."

உண்மைதான். வைத்துக்கொண்டிருப்பேன்.

"நீ வண்டியப் பிரிச்சா என்னையும் சேத்துப் பிரிச்சுடுவ அக்கா. அதனாலதான் அங்க கொண்டுபோனேன்."

ஒரு வருஷமாக நான் சுமந்துகொண்டிருந்த கோபத்துக்கு இப்போது உட்கார இடமில்லை. ரிங்குகளை நான் அமுக்கிப் பிடித்தேன். அவன் வலது கையால் சிலிண்டரை இறக்கினான். உட்கார்ந்துகொண்டது.

மார்ச் 20

இன்ஜின் முடிந்தது. முதல் உதையிலேயே எடுத்தது. அவன் முகத்தைப் பார்க்கணுமே!

லீவரைக் கழற்றிக் கொண்டுவந்து என் அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். கையை டாக்டரிடம் காட்டிவிட்டு வா, தருகிறேன் என்றேன். கத்தினான். என்னைவிடப் பெரிய பிடிவாதக்காரி உலகத்திலேயே இல்லை என்றான். சரி என்றேன்.

மார்ச் 24

இன்னும் போகவில்லை. பேசவும் இல்லை. அவன் மனைவி மட்டும் போன் செய்து, "அண்ணி, லீவரக் குடுத்துடாதீங்க" என்றாள். என்னைப் பற்றி என்ன நினைத்தாள்?

ஏப்ரல் 2

நானே கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் சின்னப் பெண். மணிக்கட்டில் தட்டினாள், மடக்கச் சொன்னாள், ஒவ்வொரு விரலாகக் குத்திக் குத்திக் கேட்டாள். இது இல்லை, இது இல்லை என்று ஒதுக்கிக்கொண்டே வந்த விதம் எனக்குப் பிடித்தது. மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறதாம். ஆபரேஷனில் கீறி விட்டால் சரியாக வாய்ப்பு உண்டு, ஆனால் பிடி முழுசாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்றாள். அதையும் ஒளிக்காமல் சொன்னாள்.

வெளியே வந்து, "திரும்பலேன்னா?" என்று கேட்டான்.

"வலது பக்கம் கிளட்ச் வெச்சுத் தரேன்."

"அப்ப பிரேக்?"

"அதுக்கும் ஏதாவது பண்றேன், வாடா."

எப்படிச் செய்வேன் என்று எனக்கே தெரியாது.

ஏப்ரல் 17

கீறியாகிவிட்டது. தூங்குகிறான். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல் நுனியைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.

மே 30

தினமும் வந்து ரப்பர் பந்தை அமுக்குகிறான். அமுக்குகிறானா தடவுகிறானா என்று கேட்டேன். பந்தை என்மேல் எறிந்தான். இடது கையால்.

ஜூலை 9

புது லீவர் மாட்டிவிட்டேன். கறுப்பு, கீறல் இல்லாதது. பழையது என் அலமாரியிலேயே இருக்கிறது. அவனும் கேட்கவில்லை. மெதுவாகத் தெருமுனை வரை போனான். அவன் மனைவியும் நானும் வாசலில் நின்றோம். அவள் என் கையைப் பிடித்திருந்ததை அவன் திரும்பி வந்த பிறகுதான் கவனித்தேன்.

செப்டம்பர் 24

கியர் ஆயில் மாற்ற வேண்டும் என்று வண்டியைக் கொண்டுவந்தான். மாற்றுகிற காலம் இன்னும் ஆகவில்லை. அவனுக்கும் தெரியும்.

டீ போடுகிறேன் என்று உள்ளே போனான். ஆயிலை வடித்தேன். தெளிவாக இருந்தது, கருகல் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு லீவரையும் துடைத்தேன்.

"என்ன இன்ஸ்பெக்டர், எதாவது கண்டுபிடிச்சியா?" என்று சமையலறையிலிருந்து கேட்டான்.

ஒன்றுமில்லை என்றேன்.

கறுப்புப் பூச்சு ஒரே இடத்தில் தேய ஆரம்பித்திருக்கிறது. நுனியில். ஒரு விரல் அகலம்.