தெருவில் பேசாதவள்

தென்காசி
12-7-1962

அன்புள்ள அத்தானுக்கு,

எனக்குத் திமிர் ஏறிவிட்டதென்று உங்கள் அண்ணாச்சி புனலூருக்கு எழுதியிருப்பார். நேற்றுத் தெருவில், "ஏளா, தம்பி எப்ப வருதான்?" என்று கேட்டார். நான் பேசாமல் நடந்தேன். "வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கா?" என்று பின்னாலிருந்து கத்தினார்.

பிரசவ ஆஸ்பத்திரியில் பிள்ளைத்தாய்ச்சிகளுக்குப் பவுடர் பால் தருகிறார்கள். வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. நர்ஸம்மா கண்ணெதிரே குடித்துவிட வேண்டும். குடிக்கத்தான் செய்கிறேன். கடைசி மடக்கை மட்டும் விழுங்காமல் வீடுவரை கொண்டுவந்து நம் மகள் குழல்வாய்மொழிக்குக் கொடுக்கிறேன். அண்ணாச்சியிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

சாரல் விடாமல் விழுவதால் களத்தில் வேலையில்லை. ஆனாலும் அரிசி இருக்கிறது, கவலைப்படாதீர்கள்.

குழல்வாய்மொழி சுகம். நான் வீட்டுக்குள் நுழைந்தால் இப்போதெல்லாம் என் கையைப் பார்ப்பதில்லை. வாயைத்தான் பார்க்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி