துவக்குக்கு விட்ட தேங்காயெண்ணெய்

இஞ்சாருங்கோ,

இன்று காலை குளியலறை யன்னல் விளிம்பில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் வெள்ளைக் கட்டியாக உறைந்து நின்றது. கோலியர்ஸ் வுட்டில் இந்த வீட்டுக்கு வந்த காலத்திலிருந்து குளிர் தொடங்கினால் அது அப்படித்தான் நிற்கும். வழக்கம்போலக் கேத்திலில் தண்ணீர் சுடவைத்து, கோப்பையில் ஊற்றி, போத்தலை அதற்குள் இறக்கினேன். ஓரம் இளகி மணம் எழும்பியதும் என் கை நின்றுவிட்டது. தலைக்கு வைக்காமலே போத்தலை மூடிவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போன கிழமை நீங்கள் மான் சுடுகிற துவக்கைப் பார்க்கப் போயிருந்தேன். நீங்கள் கண்மூடியபிறகு பொலிஸுக்கு அறிவித்தோம். அனுமதி பெற்ற துவக்குக் கடைக்காரர் ஒருவர் வந்து அதை எடுத்துக்கொண்டு போய்த் தன் கடையில் பூட்டி வைத்திருந்தார். விற்பதா, அழித்துவிடுவதா என்று நான்தான் சொல்லவேண்டுமாம். அழிக்கச் சொல்லத்தான் போனேன். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை, உங்களுக்குத்தான் தெரியுமே.

துவக்குக்குப் பயந்து மன்னாரை விட்டு ஓடிவந்தவர்கள் நாங்கள். அப்படியிருக்க, டூட்டிங்கில் நீங்கள் வேலைசெய்த இறைச்சிக் கடைக்கு வரும் ஒரு வெள்ளைக்காரர், கென்ட்டில் தன் ஆப்பிள் கன்றுகளை மான் கடித்து அழிக்கிறது, வந்து சுட உதவுங்கள் என்று கூப்பிட்டாராம். நீங்களும் படித்து, சோதனை கொடுத்து, அனுமதி எடுத்து, எங்கள் இருவரையும்விட வயதான ஒரு துவக்கை வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். விசாரிக்க வந்த பொலிஸ்காரர் என்னையும் பார்த்து, உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். நான் நன்றாகச் சிரித்துக்கொண்டு "யெஸ், யெஸ்" என்றேன். அவர் வாசலைத் தாண்டியதும் உங்களோடு பேச்சை நிறுத்தினேன். நீங்கள் அதற்கும் சிரித்தீர்கள்.

ஆனால் கறியை நான்தானே காய்ச்சினேன். நத்தாருக்கு மாதா கோயில் மண்டபத்தில் மான் இறைச்சிப் பிரட்டல் சட்டியோடு நான் நுழையும்போது சனம் திரும்பிப் பார்க்கும். சுவாமியார் இரண்டாம்முறை சாப்பாட்டுக் கோப்பையை நீட்டுவார். துவக்கைத் திட்டிய வாயால் அந்தப் புகழையும் வாங்கிக்கொண்டேன். வேட்டையால் வருகிற நாள்களில் உங்கள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை மட்டும் கண்டும் காணாததுபோல விட்டுவிட்டேன்.

ஒரு ஒக்டோபரில் சமையலறை மேசையில் பேப்பர் விரித்து, போல்ட்டைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். கையால் தூக்கி, இழுத்து, தள்ளி, மடக்கிப் பூட்டுகிற அந்த இரும்புத் துண்டு எனக்குக் கதவுத் தாழ்ப்பாள்போலத்தான் தெரியும். அதற்குள்ளே ஒரு ஊசியும் ஸ்பிரிங்கும் இருக்கிறது, விசையை இழுத்தால் ஊசி பாய்ந்து தோட்டாவின் அடியில் குத்தும் என்று நீங்கள் சொல்லித்தான் தெரிந்தது. உங்கள் துவக்கு எண்ணெயின் மணம் எனக்குத் தலையிடி.

"இந்த மணத்துக்குள்ள மனிசர் சோறு தின்ன ஏலுமே?" என்று கேட்டு, தேங்காயெண்ணெய்ப் போத்தலை உங்கள் முன்னால் வைத்தேன். "இதை விடுங்கோ. என்ர தையல் மெஷினுக்கும் இதைத்தானே விடுறன். நல்லா ஓடுது."

"இது துவக்கப்பா, மெஷின் இல்லை," என்றீர்கள். ஆனாலும் விட்டீர்கள். சண்டைக்குச் சோம்பல்பட்டா, என்மேல் இருந்த அன்பிலா என்று இன்றைக்கு யோசிக்கிறேன். அதன்பிறகு உங்கள் எண்ணெய்ப் போத்தலை நானே குப்பையில் போட்டேன்.

அந்தக் குளிர்காலத்தில்தான் துவக்கு உங்களை ஏமாற்றத் தொடங்கியது. முதல் தடவை வெறுங்கையோடு வந்து சப்பாத்தைக் கழற்றியபடி சொன்னீர்கள்: "மான் நல்லா நிண்டது. விசையை இழுத்தன், டிக் எண்டு ஒரு சத்தம் மட்டும். வெடி இல்லை. அது என்னைத் திரும்பிப் பாத்திட்டுப் போச்சு." நான் உள்ளுக்குள் மாதாவுக்கு நன்றி சொன்னேன். மானுக்காக அல்ல. இனி இந்தச் சனியன் வீட்டைவிட்டுப் போகும் என்ற ஆசையில்.

நீங்கள் விடவில்லை. தோட்டா பழுது என்று புதிய பெட்டி வாங்கினீர்கள். பிறகு வெடிக்காத தோட்டாவை விளக்கடியில் பிடித்து, "இஞ்சாரும், இதைப் பாரும். ஊசி பட்ட அடையாளம் தெரியுதே? சும்மா தொட்டமாதிரிக் கிடக்கு," என்று காட்டினீர்கள். ஸ்பிரிங் களைத்துவிட்டது என்றீர்கள். புதியது தருவித்துப் பூட்டினீர்கள். ஊசியின் முனை தேய்ந்ததோ என்று அளந்தீர்கள். ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் கழற்றி, துடைத்து, கடைசியில் சூட்டில் இளகி நின்ற என் போத்தலிலிருந்து தாராளமாக எண்ணெய் விட்டு மூடினீர்கள். அடுப்பெரிகிற சமையலறையில், போலித் தோட்டாவை வைத்து இழுத்தால் ஊசி சுள்ளென்று அடித்தது. சரி வந்துவிட்டது என்று கென்ட்டுக்குப் போவீர்கள். உறைபனியில் காத்துக் கிடப்பீர்கள். மறுபடி டிக்.

துவக்குக் கடைக்காரரிடம் கொடுங்கள் என்று அந்த ஆப்பிள்காரர் சொன்னாராம். "என்ர சாமானை எனக்குத் தெரியாதே?" என்று நீங்கள் கொடுக்கவில்லை. குறை துவக்கில் இல்லை என்றானதும் உங்களிலே தேடத் தொடங்கினீர்கள். ஒருநாள் பின்னேரம் நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். வந்து எதிரே நின்று இரண்டு கையையும் நீட்டினீர்கள்.

"இஞ்சாரும், ஒருக்காப் பாரும். கை நடுங்குதே? போல்ட்டை நான்தான் முழுக்க மூடுறேல்லைப் போல."

நான் தலை நிமிரவில்லை. "வயசு போனா அப்பிடித்தான்," என்றேன்.

நீங்கள் கையை இழுத்துக்கொண்டு போனீர்கள். துவக்கைப் பெட்டிக்குள் பூட்டினீர்கள், பிறகு எடுக்கவேயில்லை. "அரைகுறையாச் சுட்டு அது காயத்தோட ஓடினா அந்தப் பாவம் ஆருக்கு?" என்று மட்டும் சொன்னீர்கள். கார்ச் சாவியை மகனிடம் கொடுத்தீர்கள். மாதா திருநாள் ஊர்வலத்தில் சுருவம் தூக்க ஆள் கூப்பிட்டபோது, "என்ர கையை நம்பேலாது தம்பி," என்று பின்னுக்கு ஒதுங்கினீர்கள். வருடாவருடம் சுருவத்தின் முன் கொம்பைத் தோளில் பிடித்த மனிதர். சனத்துக்குள் நீங்கள் மெழுகுதிரியோடு நடந்ததை நான் பார்த்தேன். நல்லதாய்ப் போயிற்று, இனி வீட்டோடு இருப்பார் என்றுதான் நினைத்தேன். அடுத்த வருடத்தில் உங்கள் இதயம் நின்றுவிட்டது.

போன கிழமை அந்தக் கடைக்காரர் தன் பட்டறையில் குளிருக்கு மேற்சட்டையோடு நின்றார். விற்க முடியுமா என்று பார்க்கிறேன் என்று சொல்லி விசையை இழுத்தார். சத்தம் சோர்ந்து வந்தது. போல்ட்டைத் திருகிக் கழற்றினார். ஸ்பிரிங்கைச் சுற்றி மெழுகுபோல வெள்ளையாக அப்பிக் கிடந்தது. பழைய கிறீஸ், குளிரில் இறுகினால் ஊசி ஓடாது, அடிக்கடி காண்பதுதான் என்று சாதாரணமாகச் சொன்னார். விரலால் வழித்துத் துணியில் துடைத்தார். எனக்கு மணம் வந்தது. என் தலைமயிரில் இருக்கிற அதே மணம்.

யன்னல் விளிம்பில் அது உறைவதை எத்தனை குளிர்காலமாகப் பார்த்தோம். இளக்கித் தலைக்கு வைத்தோம். கென்ட்டுப் பற்றைக்குள், இரும்புக்குள்ளேயும் அது உறையும் என்று எங்கள் இரண்டு தலைக்கும் எட்டவில்லை. ஊரில் எண்ணெய் உறைந்ததே இல்லையே.

"அது கிறீஸ் இல்லை," என்று என் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன். "சமைக்கிற எண்ணெய். நான்தான் கொடுத்தேன். அவர் தன் கையில்தான் பிழை என்று நினைத்தார்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். துடைத்த போல்ட்டைப் பூட்டி மறுபடி இழுத்தார். சுள்ளென்று அடித்தது. "அப்படியென்றால் உங்கள் கணவரில் ஒரு பிழையும் இல்லை," என்றார். அவர் ஆறுதலுக்குச் சொன்னார். நீங்கள் என்னிடம் கேட்டு நின்ற பதிலை, உங்களை ஒருநாளும் கண்டிராத மனிதர் சொன்னார்.

அழிக்கவேண்டாம், விற்றுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அது நல்ல துவக்கு என்று யாராவது ஒருவர் கண்டுகொள்ளட்டும்.

எண்ணெய் அறியாமல் செய்தது. அதற்கு நீங்கள் என்னை மன்னித்து, சிரித்தும் இருப்பீர்கள். மற்றதற்கு எனக்கே மன்னிப்புக் கேட்கத் துணிவில்லை. நீங்கள் போவதற்கு முதல் மாதம், எனக்குக் கண் பிடிபடவில்லை என்று தையல் மெஷினுக்கு நூல் கோத்துத் தரக் கூப்பிட்டேன். "என்ர கையை நம்பியே கேக்கிறீர்?" என்றீர்கள். நூலை நாக்கில் ஈரமாக்கி, குனிந்து, முதல் தடவையிலேயே ஊசியின் கண்ணுக்குள் விட்டீர்கள். நான் பக்கத்தில் நின்றேன். அப்போது உங்கள் கையைப் பார்த்தேன். அது கொஞ்சமும் நடுங்கவில்லை.

பார்த்தேன், சொல்லவில்லை. சொன்னால் மறுபடி துவக்கை எடுப்பீர்கள் என்று பயம்.

மெஷினில் அந்த வெள்ளை நூல் நீங்கள் கோத்தபடியே இருக்கிறது. நான் இன்னும் ஒன்றும் தைக்கவில்லை.