கவிழ்த்து வைத்த துருப்பு

ஜனவரி 12, ஞாயிறு

அப்பு, உன் தம்பிக்கு என்ன இவ்வளவு அவசரம்?

பூசை முடிந்து கோயில் படி இறங்குகிறேன், பொன்ராஜ் பக்கத்தில் வந்து நடக்கிறான். தோட்டத்தைப் பாகம் வைத்துவிடலாம் என்கிறான். நீ போய் இன்னும் மூன்று மாதம் ஆகவில்லை. கல்லறைக்கு இன்னும் சிமெண்டு பூசவில்லை. நமக்குப் பிள்ளை இல்லை, எனக்குப் பிறகு எல்லாம் அவன் மகளுக்குத்தான் போகப்போகிறது. அதுவரை பொறுக்க முடியாதா?

அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று. நம் குடும்பங்களில் மூத்தவன் பங்கு பிரிப்பான், இளையவன் முதலில் எடுப்பான். மூத்தவன் நீ. நீ இல்லாததால் பிரிக்க வேண்டியது நான். எடுக்க வேண்டியது அவன். ஆனால் அவன் சொல்கிறான்: "நான் பிரிக்கேன் மதினி. நீங்க எடுங்க."

முதலில் எடுக்கிற உரிமையை யாராவது சும்மா விட்டுக் கொடுப்பார்களா? நான் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புத்தான். இது தெரிய அந்த வகுப்பு போதும்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். மருந்துக்கடையில் வருஷா வருஷம் உனக்குக் கொடுக்கிற டைரி இந்த வருஷமும் வந்தது. மேலே சூசையப்பன் என்று உன் பேர்தான். அதனால் உனக்கே எழுதுகிறேன். வெளியே உன்னை "ஏங்க" என்றுதான் கூப்பிட்டேன். இதற்குள் அப்பு.

ஜனவரி 14

ஞாயிறு மத்தியானம் நாலு பேரும் உட்கார்ந்து சீட்டில் இருபத்தெட்டு ஆடுவோமே. நீயும் நானும் ஒரு ஜோடி, பொன்ராஜும் எப்சிபாவும் எதிர் ஜோடி. புருஷனும் பெண்டாட்டியும் கண்ணால் பேசிக்கொள்கிறோம் என்று ரெண்டு பக்கமும் சண்டை. தோற்ற ஜோடி துணி மாட்டுகிற கிளிப்பைக் காதில் குணுக்காகப் போட்டுக்கொண்டு காபி போட வேண்டும்.

நீ எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான். "சீட்டப் பாக்காத மேரி. போடுறவன் மூஞ்சியப் பாரு." இத்தனை புள்ளி எடுப்பேன் என்று பொன்ராஜ் கத்தி ஆட்டம் கேட்டால் கையில் ஒன்றும் இருக்காது. சாதுவாகப் பாஸ் சொன்னால் ஆட்டத்தின் பெரிய சீட்டு, ஜாக்கி, அவனிடம் இருக்கிறது.

அன்றைக்குக் கோயில் படியில் அவன் பாஸ் சொன்னான்.

ஜனவரி 15

கடைசி ஆட்டம் நினைவு வருகிறது. எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

மழை. நீ ஆட்டம் கேட்டு, துருப்புச் சீட்டை யாருக்கும் காட்டாமல் கவிழ்த்து, அதன் மேல் காபி டம்ளரை வைத்தாய். மீதிச் சீட்டைப் போட்டு முடிக்கும்போது வெளியே பலாக்கிளை முறிகிற சத்தம். ஏலக்காய் உலர்த்துகிற ஷெட்டின் மேல் சாய்ந்துவிட்டது. "யாரும் துருப்பைத் தொடக் கூடாது, வந்து திறக்கேன்" என்று சிரித்துக்கொண்டே வெட்டுக்கத்தியை எடுத்தாய். நனைந்த மரம், கால் வழுக்கிவிட்டது.

நான் ஓடினேன். எப்சிபா ஓடினாள். கடைசியாக எழுந்தது பொன்ராஜ். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தால் சீட்டுக்கட்டு அடுக்கிப் பெட்டியில் இருக்கிறது. உன் துருப்பு எது என்று யாருக்கும் தெரியாது. அவன் பார்த்திருப்பான். எதிர் ஆள்தானே.

ஜனவரி 26

பங்கு பிரித்துவிட்டான். நீலக் கயிறு கட்டியிருக்கிறான்.

மேல்காடு ஒரு பங்கு, கீழ்காடு ஒரு பங்கு. மேல்காடு ரோட்டை ஒட்டி. ஜீப் வந்து நிற்கும், காய் எடுத்துச் சுமக்க வேண்டாம், செடி புதுசு. தண்ணீர் கிடையாது. கீழ்காடு சரிவு, மழையில் முழங்கால் போகும். ஆனால் படுதாக்குளம் அங்கே இருக்கிறது. நீயும் நானும் மண் வெட்டி, தார்ப்பாய் விரித்து, மழைத் தண்ணீர் பிடித்த குளம். போன கோடையில் மலை முழுக்கச் செடி காய்ந்தபோது நம் காடு தப்பியது அதனால்தான். ஒரு வெயில் நாளில் நீ சட்டையோடு அதில் குதித்ததும் அங்கேதான்.

எனக்குக் கீழ்காடு வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். அதை முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

ஆனால் கயிறு ஏன் வளைகிறது? பழைய நடைபாதை வழியே நேராகக் கட்டியிருந்தால் குளம் நடுவில் வரும், இருவருக்கும் ஆகும். அவன் மெனக்கெட்டு வளைத்து, குளத்தை முழுசாகக் கீழே தள்ளியிருக்கிறான். எனக்கு அதில் ஆசை என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தே தூண்டிலில் புழு மாட்டுகிறானா?

ஜனவரி 29

ஜிஸ்மி வந்தாள். நெடுங்கண்டத்தில் காலேஜ் படிக்கிறாள், பொன்ராஜின் ஒரே மகள். அப்பாதான் அனுப்பினாரா என்று கேட்டேன். முகம் சுருங்கிவிட்டது. பஸ் இல்லை, அதனால் இங்கே இறங்கினேன் என்றாள். பஸ் இருந்தது, எனக்குத் தெரியும்.

பேச்சு பாகத்துக்குப் போனது. இதைத்தான் நாங்க படிக்கோம் பெரியம்மா, கேம் தியரின்னு பேரு என்றாள். ஒரு கேக்கை ஒருவர் வெட்ட வேண்டும், மற்றவர் எடுக்க வேண்டும். பெரிய துண்டு எதிராளிக்குப் போய்விடும் என்ற பயத்திலேயே வெட்டுகிறவர் சமமாக வெட்டுவாராம். எடுக்கிறவருக்கு நஷ்டமே இல்லையாம்.

வெட்டுகிறவர் ஜெயிக்கவே முடியாதா என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள். "எடுக்கிறவங்க எதை எடுப்பாங்கன்னு முன்னாலேயே தெரிஞ்சிருந்தா ஜெயிக்கலாம் பெரியம்மா."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். அது போதும் எனக்கு.

பிப்ரவரி 2

எப்சிபா கப்பைக் கிழங்கும் மத்தி மீன் குழம்பும் கொண்டு வந்தாள். நல்ல குழம்பு. தட்டைக் கழுவிக் கொடுக்கும்போது சொல்கிறாள்: "கீழ்காட்டையே எடுத்துக்கிடுங்கக்கா. அத்தான் கையால வெட்டுன கொளம்லா."

எனக்கு எது நல்லது என்று இவளுக்கு எப்போதிருந்து அக்கறை?

பிப்ரவரி 5

ரோட்டோரம் ஒரு வெள்ளை ஜீப். பேண்ட் சட்டை போட்ட ஆள் டேப் பிடித்து அளக்கிறான், மேல்காட்டை. பொன்ராஜ் அவனுக்கு இளநீர் வெட்டிக் கொடுக்கிறான்.

ஆக, ஜாக்கி மேலே இருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

கயிற்றுப் பக்கத்தில் நின்றோம், அவனும் எப்சிபாவும் நானும். முகத்தைப் பார்ப்பதற்காகத்தான் சொன்னேன். சத்தியமாக அதற்காகத்தான். முகம் மாறாவிட்டால் கீழ்காடு என்று மாற்றிச் சொல்லலாம் என்றிருந்தேன்.

"எனக்கு மேல்காடு."

பீடி பற்றவைக்கப் போனவன் தீக்குச்சியைக் கையிலேயே எரிய விட்டான். முகம் அப்படியே விழுந்துவிட்டது அப்பு. இருபது வருஷமாக ஆடுகிறோம், அவன் முகம் அப்படி விழுந்து நான் பார்த்ததில்லை.

"நல்லா யோசிச்சீகளா மதினி? கொளம் கீழ இருக்கு."

"தெரியும்."

"சரி" என்றான். எப்சிபா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அவளைப் பார்த்து ஒரு பார்வை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு. குணுக்கு உனக்குத்தான் பொன்ராசு.

குளத்தை நினைத்தவுடன் சிரிப்பு நின்றுவிட்டது.

பிப்ரவரி 21

பாகப் பத்திரம் பதிந்தாயிற்று. எழுத்துக்கூட்டி முழுசும் படித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். எழுதுகிறவர் கொட்டாவி விட்டார். விடட்டும்.

மார்ச் 16

வெயில். மேல்காட்டில் புதுச் செடியின் இலை நுனி மஞ்சளாகிறது. குடத்தில் சுமந்து எத்தனை தூருக்கு ஊற்ற?

மேலிருந்து பார்த்தால் குளம் தெரிகிறது. நிறைய இருக்கிறது.

மார்ச் 23

எப்சிபா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, ஓஸ் போட்டுத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், அவர் சொல்லச் சொன்னார் என்றாள். ஏன், அவனுக்கு வாய் இல்லையா?

வேண்டாம் என்றேன். இன்றைக்குத் தண்ணீர் கொடுப்பார்கள். நாளைக்கு ஓஸ் போட்டவளிடம் வழி கேட்பார்கள். அப்புறம் காட்டையே கேட்பார்கள்.

சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்தேன்.

ஏப்ரல் 6

முன்வரிசைச் செடி போய்விட்டது. பிடித்து இழுத்தால் தூரோடு கையில் வருகிறது. நீ வைத்த செடி இல்லையே என்று மனதைத் தேற்றினேன். அதுவும் நீ வைத்ததுதான்.

ஏப்ரல் 12

ஜிஸ்மி நேராக வந்து நின்றாள். உட்காரவில்லை. அவள் அப்பாவுக்குத் தெரியாமல் வந்தாளாம். நம்பினேனா? பாதி.

அவள் சொன்னது இது. பொன்ராஜுக்கு முதலிலிருந்தே மேல்காடு வேண்டும். ரோட்டோரம் நாலு ரூம் கட்டி டூரிஸ்டுக்கு விட ஆசை. எனக்குக் குளம்தான் உயிர் என்று அவனுக்குத் தெரியும். அதனால்தான் கயிற்றை வளைத்தான். நான் கீழே எடுப்பேன், அவனுக்கு மேலே மிச்சமாகும். அவன் முதலில் எடுத்தால் விதவையிடம் ரோட்டைப் பிடுங்கினான் என்று ஊர் பேசும். அதனால்தான் முதல் எடுப்பையும் எனக்கே விட்டான்.

நான் பிடித்தது சரிதான் அப்பு. மேல்காடு வேண்டும் என்றுதான் அவன் ஆடினான். நான் அவன் ஜாக்கியைக் கண்டுபிடித்தேன்.

"கண்டுபிடிச்சு என்ன பெரியம்மா செஞ்சீங்க? சீட்டாட்டத்துல அப்பா ஜெயிச்சா நீங்க தோத்தீங்க. இதுல ரெண்டு பேரும் ஜெயிக்க இருந்தீங்க. இப்ப ரெண்டு பேரும் தோத்து உக்காந்திருக்கீங்க."

அப்படியானால் உங்க அப்பன் அன்றைக்கே வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே என்று சத்தம் போட்டேன்.

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

ஏப்ரல் 13

குருத்தோலை வாங்கிக்கொண்டு பீடத்தைப் பார்த்து நின்றேன். மனசு ஜெபத்தில் இல்லை.

நம்பியிருக்க மாட்டேன்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

போனேன். போகாமல் இருக்க ஆயிரம் காரணம் இருந்தது. முதலில் பேசுகிறவள்தான் தோற்றவள் என்று ரோட்டைக் கடக்கும் வரை நினைத்துக்கொண்டே போனேன்.

பொன்ராஜ் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் துண்டைத் தேடினான், அது தோளிலேயே இருந்தது.

"சீட்ட விரிச்சுப் போடுதேன் பொன்ராசு. எனக்கு வேண்டியது கீழ்காடுதான். மொதல்லருந்தே."

துண்டை எடுத்துக் கையைத் துடைத்தான். பிறகு, "எனக்கு மேல்காடு வேணும் மதினி" என்றான், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

"அத அப்பவே சொல்லிருக்கலாம்லா."

"சொன்னா வேணும்னே மேல்காட்டத்தான் புடிச்சிருப்பீக."

"சொல்லாமலும் அதத்தான புடிச்சேன்."

அடுப்படியில் எப்சிபாதான் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கொடிக்குப் போய் இரண்டு கிளிப் எடுத்து வந்தாள். ஒன்று அவன் காதில். ஒன்று என் காதில். வலித்தது. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அதைத்தான் காரணம் சொன்னேன்.

மே 4

காடு மாற்றிக்கொண்டோம். கீழே நான், மேலே அவன். பத்திரம் மட்டும் மாறவில்லை. திரும்பப் பதிய வேண்டும் என்றால் மறுபடி முத்திரைத்தாள் செலவு, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறான்.

அடுத்த வருஷம் ஏன்?

இரண்டு நாளாக இதையே நினைத்துக் களை பிடுங்குகிறேன். காகிதப்படி குளம் அவனுடையது. நாளைக்கு இறங்கு என்றால் இறங்க வேண்டும். ஆனால் காகிதப்படி ரோடு என்னுடையது. அவன் அங்கே அஸ்திவாரம் தோண்டிவிட்டான். கல்லும் மணலும் இறக்கியாயிற்று, எல்லாம் என் பேரில் உள்ள மண்ணில். அவன் என்னைக் குளத்திலிருந்து ஏற்றினால் நான் அவன் வீட்டிலிருந்து இறக்குவேன். அவன் குடுமி என் கையில், என் குடுமி அவன் கையில்.

ஜிஸ்மியிடம் சொன்னேன். இதுக்கும் பாடத்துல ஒரு பேரு இருக்கு பெரியம்மா என்றாள். இருக்கட்டும்.

ஆனால் அவனுக்கும் இந்தக் கணக்குத் தெரியும்தானே? தெரிந்தும் கல் இறக்குகிறான்.

மே 27

மழை பிடித்துவிட்டது. தார்ப்பாயில் மழை விழும் சத்தம் கேட்டுக்கொண்டு ரொம்ப நேரம் கரையில் நின்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

சீட்டு எடுத்தார்கள். நீ போன பிறகு முதல் தடவை. உன் இடத்தில் ஜிஸ்மி உட்கார்ந்தாள். எனக்கு ஜோடி. கேம் தியரி படிக்கிறாளே என்று பார்த்தால், ஆட்டம் கேட்கவே தெரியவில்லை. எனக்கும் அவளுக்கும் இரண்டு தடவை குணுக்கு.

மூன்றாவது ஆட்டம் பொன்ராஜ் கேட்டான். துருப்பைக் கவிழ்த்து வைத்தான். எனக்குக் கை நின்றுவிட்டது. எவ்வளவு நாளாக உள்ளே கிடந்ததோ, கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு அவர் வச்ச துருப்ப நீ பாத்தியா பொன்ராசு?"

பொன்ராஜ் கையில் இருந்த சீட்டைக் கீழே வைத்தான்.

"பாக்கல மதினி. நீங்க ஓடுனப்ப எழுந்திரிச்சேன், டம்ளர் தட்டிச்சு, சீட்டு நனையக் கூடாதேன்னு நகத்தி வச்சேன். அண்ணன் வந்து தொறக்கும்னு அப்படியே கவுத்துத்தான் வச்சேன். பெறகு யாரோ எல்லாத்தையும் சேத்து அடுக்கிட்டாக."

எழுதும்போதுதான் ஒன்று உறைக்கிறது. அவன் அதைச் சொன்னபோது நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. என் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மழை நாள் ஆட்டத்தில் என் கையில் இஸ்பேட் ஜாக்கி இருந்தது. உன்னிடம் காட்ட முடியாமல் துடித்துக்கொண்டிருந்தேன். நீ கவிழ்த்து வைத்தது இஸ்பேடா, அப்பு?